முப்பதாம் தேதி வரைக்கும் போதும்

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மோட்டார் ஓடவில்லை. கிணற்றில் இறைத்துக் குளித்துவிட்டு எட்டரை ஆராதனைக்குப் போனேன். சர்ச் ஐயர் பிரசங்கத்தில் பாதி நேரம் மைக்கைத் தட்டிக்கொண்டிருந்தார்.

தங்கச்சி பியூலா இப்போது எங்கள் கோயிலுக்கு வருவதில்லை. ஆறு மாதமாக அவள் போவது தேரி என்கிற செம்மணல் மேட்டு ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டிருக்கும் 'எக்காளத் தொனி' ஜெபவீட்டுக்கு. மதியம் திரும்பி வந்தவள் மீன் குழம்பைக் கிளறிக்கொண்டே சொன்னாள்.

"அண்ணே, பாஸ்டர் தேதி சொல்லிட்டாவ."

"என்ன தேதி?"

"இயேசுவோட வருகைத் தேதி. செப்டம்பர் முப்பது. சூரியன் அடையறதுக்குள்ள எக்காளம் ஊதும். நம்மளையெல்லாம் பரலோகத்துக்கு எடுத்துக்கிடுவாவ."

"திங்கட்கிழமைல்லா? வாரத்தோட முதல் நாளே லீவு போடணுமா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. உப்பு சரியா என்று பார்க்கச் சொல்லிக் கரண்டியை நீட்டினாள். சரியாகத்தான் இருந்தது.

உலகம் முடியும் கதையில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. அறுபத்திரண்டில் எட்டுக் கிரகம் ஒரே ராசியில் கூடியபோது ஊரில் பாதிப் பேர் வேலைக்குப் போகவில்லை என்று அப்பா சொல்லுவார். எழுபத்தொன்பதில் ஸ்கைலாப் தலையில் விழப்போகிறதென்று பக்கத்துத் தெருவில் கோழி, ஆடு ஒன்று விடாமல் அடித்துத் தின்றார்கள். அப்போது எனக்குப் பதினாறு வயது, நானும் தின்றேன். பிறகு இரண்டாயிரம், பிறகு இரண்டாயிரத்துப் பன்னிரண்டு. ஒவ்வொரு தடவையும் மறுநாள் காலையில் பால்காரர் வந்து மணி அடித்தார். சொன்னவன் எவனும் வந்து மன்னிப்புக் கேட்டதில்லை. 'கணக்கில் சின்னப் பிழை' என்பார்கள், அவ்வளவுதான்.

செப்டம்பர் 3, செவ்வாய்

நேற்று விநாயகர் சதுர்த்தி லீவு. அதனால் இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டம் நெரிந்தது. மாதாமாதம் முதல் வாரம் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் ஒரு மாத மாத்திரை கொடுக்கிறோம். இருபத்தெட்டு வருஷ பார்மசிஸ்ட் உத்தியோகத்தில் இன்று பார்த்தது போல நான் பார்த்ததில்லை.

ஞானதீபம் அக்கா முப்பது மாத்திரையை வாங்கி, கவுண்டரிலேயே நின்று எண்ணி, இரண்டைத் திருப்பித் தந்தார்.

"என்னக்கா இது?"

"இருபத்தெட்டு போதும் தம்பி. முப்பதாந்தேதி வரைக்கும்தான வேணும். இந்த ரெண்டையும் வேற யாருக்காவது குடுங்க. வீணாக்கக் கூடாது."

அவர் பின்னால் வந்த பதினோரு பேர் அதையே செய்தார்கள். பேனாவை மூடி வைத்துவிட்டு உள் அறைக்குப் போய்ச் சிரித்தேன். செவிலியர் இசக்கியம்மாள் என்னவென்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

பியூலாவைப் பற்றியும் எழுதிவைக்க வேண்டும். பதினாலு வயதில் அவளுக்கு முதல் வலிப்பு. இருபத்தாறில் நிச்சயதார்த்தத்தன்று, வெற்றிலைத் தட்டு மாற்றும்போது வந்தது. மாப்பிள்ளை வீட்டார் சாப்பிடாமலே வேனில் ஏறினார்கள். அதோடு கல்யாணப் பேச்சு நின்றது. என் மனைவி போன பிறகு இந்த வீட்டில் நானும் அவளும்தான். ராத்திரி மூன்று பெனிடாயின் மாத்திரை, எடுத்துக் கொடுப்பது நான். பதினோரு வருஷமாக ஒரு நாள் தவறவில்லை, பதினோரு வருஷமாக வலிப்பும் வரவில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

செப்டம்பர் 6, வெள்ளி

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்!

மதியம் ஒரு மணிக்கு, வரிசை எல்லாம் கலைந்த பிறகு, பாஸ்டர் எலியேசர் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, கழுத்து வரை பொத்தான். அவருக்கும் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. சீட்டை நீட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணாச்சி, வெளியூர் ஊழியம் இருக்கு. ரெண்டு மாசத்துக்குக் கிடைக்குமா?"

நான் முகத்தை அசைக்காமல் அறுபது நாளுக்கு எண்ணிக் கொடுத்தேன். நோட்டில் கையெழுத்து வாங்கினேன். தெளிவான கையெழுத்து. இன்றிலிருந்து அறுபது நாள் என்றால் நவம்பர் நாலு வரை. உலகம் செப்டம்பர் முப்பதில் முடிகிறது, பாஸ்டருக்கு நவம்பர் நாலு வரை பிரஷர் இருக்கிறது.

பல நாளைக்குப் பிறகு வீட்டுக்குப் பாடிக்கொண்டே சைக்கிள் மிதித்தேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

பியூலாவிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"யாருக்காவது சேத்து வாங்கியிருப்பாவ அண்ணே."

"அவர் பேர்ல, அவர் கையெழுத்துல."

"அவரு எங்க எல்லார்கிட்டயும் சொல்லுத ஒரே விஷயம் மாத்திரைய விட்டிராதீங்கன்னுதான். 'எக்காளம் ஊதுற வரைக்கும் உடம்பப் பாத்துக்கிடணும், அது கர்த்தர் தந்தது'ன்னு. என்னைத் தனியாக் கூப்பிட்டே சொன்னாவ."

நல்ல தந்திரம்தான். யாராவது இடையில் செத்துவிட்டால் வழக்கு வருமே, அந்தப் பயம்.

அங்கே அவள் ஆர்மோனியம் வாசிக்கிறாளாம். அங்கே யாரும் தன்னை 'வலிப்புக்காரி' என்று பார்ப்பதில்லை என்றாள். நான் எப்போது அப்படிப் பார்த்தேன்? கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

செப்டம்பர் 11, புதன்

காற்று ஓயவில்லை. மருந்து அலமாரிக்குள்ளேயே செம்மண் வந்து படிகிறது. ஸ்டாக் எடுத்தேன்.

இசக்கியம்மாளிடம் பாஸ்டர் விஷயத்தைச் சொல்லி, ஊரைக் கூட்டி அம்பலப்படுத்தப் போகிறேன் என்றேன்.

"விடுங்க சார். அவிய மாத்திரை சாப்பிடுதாவள்லா? முப்பதாந்தேதி வரும், போவும். ஒண்ணாந்தேதி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நம்ம வரிசையிலதான் வந்து நிப்பாவ. அது வரைக்கும் பேசாம இருங்க."

"ஏமாத்துறான்னு தெரிஞ்சும் பேசாம இருக்கணுமா?"

"உங்களுக்கு அவிய நல்லா இருக்கணுமா, நீங்க ஜெயிக்கணுமா?" என்று கேட்டுவிட்டு ஊசி போடப் போய்விட்டார். நல்ல பெண்தான், ஆனால் உண்மையின் அருமை எல்லாருக்கும் புரிவதில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

போனேன். மாத்திரை நோட்டை மஞ்சப் பையில் வைத்து ஜெபவீட்டுக்கு எடுத்துப் போனேன். அலுவலக நோட்டை வெளியே கொண்டுபோகக் கூடாது, தெரியும்.

அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று பேசலாம், யாரும் குறுக்கிட மாட்டார்கள். ஒருவர் முடித்ததும் எல்லாரும் அல்லேலூயா சொல்லி ஏற்றுக்கொள்வார்கள். எழுபது பேர் இருந்தார்கள். நான் எழுந்தேன். ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்திருந்த பியூலா 'வேண்டாம் அண்ணே' என்பது போலத் தலையசைத்தாள்.

வாசித்தேன். பெயர், தேதி, மாத்திரை எண்ணிக்கை. "நீங்க இருபத்தெட்டு வாங்குனீங்க. இவரு அறுபது நாளைக்கு வாங்கியிருக்காரு. முப்பதாந்தேதி எல்லாரும் போயிட்டா, அக்டோபர் மாசம் இவரு யாருக்குப் பிரஷர் மாத்திரை முழுங்கப் போறாருன்னு கேளுங்க" என்றேன். இந்த வாக்கியத்தை மூன்று நாளாகத் தயார் செய்திருந்தேன்.

தகரத்தில் மணல் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. எலியேசருக்கு வேர்த்து ஊற்றியது. எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். இப்போது எழுந்து போவார்கள், ஒவ்வொருவராகப் போவார்கள் என்று நின்றேன்.

அவர் உள்ளே போய் மாத்திரைப் பையை எடுத்துவந்தார். முழங்கால் போட்டார்.

"அண்ணாச்சி சொல்றது நெஜம். நான் பயந்துட்டேன். உங்களுக்குத் தேதி சொல்லிட்டு எனக்கு மாத்திரை வாங்கி வச்சேன். எனக்கு விசுவாசம் இல்ல."

அழுதார். வெளியே போய் அட்டை அட்டையாகப் பிரித்து மணலில் கொட்டினார். நாடகம் என்றுதான் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அவர் பின்னால் ஞானதீபம் அக்கா முந்தி முடிச்சை அவிழ்த்துத் தன் மாத்திரைகளைக் கொட்டினார். அதன் பிறகு, வீட்டுக்கு ஓடி எடுத்துவந்தவர்களின் வரிசை. எங்கள் கவுண்டரில் நிற்பது போலவே ஒழுங்கான வரிசை. பாஸ்டர் "நீங்க வேண்டாம், நீங்க வேண்டாம்" என்று கையை விரித்துத் தடுத்துப் பார்த்தார். "உங்களுக்கு இல்லாத மாத்திரை எங்களுக்கு எதுக்கு?" என்று ஒருவர் கேட்டார்.

பியூலா வீட்டுக்கு நடந்துபோய், தன் டப்பாவை எடுத்துவந்து, வரிசையின் கடைசியில் நின்றாள்.

நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

செப்டம்பர் 16, திங்கள்

மோட்டார் சரியாகிவிட்டது.

செப்டம்பர் 17, செவ்வாய்

மூன்றாவது ராத்திரி. உள்ளங்கையில் மாத்திரையோடு அவள் அறை வாசலில் நின்றேன். திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று சொன்னேன். நிற்காமல் வரும், மூளை தாங்காது என்றேன். நோயாளிகளிடம் சொல்லும் குரலில் ஆரம்பித்து, கடைசியில் கெஞ்சினேன்.

"பதிமூணு நாளுதான அண்ணே. அது வரைக்கும் தாங்குவேன். நீ ரொம்ப பயப்படுத."

"போன வாரம் வரைக்கும் அந்தப் பாஸ்டரே மாத்திரையச் சாப்பிடச் சொன்னாருன்னு நீதான சொன்ன?"

"போன வாரம் வரைக்கும்தான்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

செப்டம்பர் 19, வியாழன்

மூன்று மாத்திரையைப் பொடி செய்து காப்பியில் கலந்தேன். சர்க்கரை கூடுதலாகப் போட்டேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை வைத்தாள்.

"அண்ணே, இதுல என்ன போட்ட?"

எழுந்துபோய் முருங்கை மரத்தடியில் ஊற்றினாள். இனி இங்கே பச்சைத் தண்ணீரும் குடிக்க மாட்டாளாம். பாய், இரண்டு சேலை, பைபிள் எடுத்துக்கொண்டு ஜெபவீட்டுக்குப் போய்விட்டாள். முப்பது வருஷமாக ஒரே கூரையின் கீழ் இருந்தோம்.

செப்டம்பர் 23, திங்கள்

இசக்கியம்மாள் வீடு வீடாகப் போய் வந்தார். ஒரு வீட்டில் பிரஷர் இருநூற்றுப் பத்து. ஞானதீபம் அக்காவுக்குக் காலில் முள் குத்திய இடம் கறுத்திருக்கிறதாம். கட்டுப் போடவே விடவில்லை. டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, இவ்வளவு பேர் ஒரே நாளில் எப்படி நிறுத்தினார்கள் என்று கேட்டார்.

"அந்தப் பாஸ்டர்தான் மேடம்" என்றேன். இசக்கியம்மாள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

நாளையிலிருந்து அங்கே உபவாச ஜெபம். சாப்பாடும் இல்லை, தூக்கமும் இல்லை. வலிப்புக்காரர்கள் தவிர்க்க வேண்டிய இரண்டும் அவைதான்.

செப்டம்பர் 27, வெள்ளி

தூத்துக்குடி போய், வலிப்பின்போது மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே வாங்கிவந்தேன். சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

வரும் வழியில் ஜெபவீட்டு வேலிக்கு வெளியே நின்றேன். பியூலா ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தாள். நடுவில் கை நின்றது. எதையோ பார்த்தபடி நாலைந்து நொடி இருந்தாள், பிறகு விட்ட இடத்திலிருந்து வாசித்தாள். மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும், இப்படித்தான் ஆரம்பிக்கும்.

எலியேசரை வேலிப் பக்கம் கூப்பிட்டேன். ஆள் பாதியாகிவிட்டார். உதடு வெடித்திருந்தது.

"அவளை மட்டும் சாப்பிடச் சொல்லுங்க. உங்க காலில் விழுதேன்."

"நான் சொன்னா கேக்க மாட்டாங்க அண்ணாச்சி. ரெண்டு தடவை சொல்லிட்டேன். 'திரும்பவும் பயப்படுதீங்களா பாஸ்டர்'னு கேக்காவ. நானும் அன்னையில இருந்து மாத்திரை தொடல. எல்லாரும் என் கையவே பாத்துக்கிட்டு இருக்காவ."

"தேதியே பொய்னு சொல்லிருங்க."

அவர் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார். "இனிமே நான் சொல்லி நிக்கிற விஷயமா இது?"

செப்டம்பர் 30, திங்கள்

அக்டோபர் 1 காலையில், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

நாலு மணிக்கே போய்விட்டேன். வெள்ளை உடுத்தி எல்லாரும் தேரி மேட்டில் நின்றார்கள். பாட்டு நிற்கவேயில்லை. காற்று மணலை வாரி முகத்தில் போட்டது, ஒருவரும் கண்ணை மூடவில்லை. பியூலா முன்வரிசையில் இருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். எவ்வளவு நாளைக்குப் பிறகு!

ஆறு பத்துக்குச் சூரியன் பனங்கூட்டத்துக்குப் பின்னால் முழுதும் இறங்கியது. பாட்டு ஓய்ந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. அந்தப் பெரிய அமைதியில் என்னால் வாயை அடக்க முடியவில்லை.

"சரி, வீட்டுக்குப் போவோமா?" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

எழுபது முகமும் திரும்பின. பியூலா முகமும். அதில் வெட்கம் இருந்தது. நிச்சயதார்த்தத்தன்று கண் விழித்ததும் இருந்த அதே வெட்கம். அப்படியே அவள் கழுத்து ஒரு பக்கம் திரும்பிக்கொண்டே போனது. விழுந்தாள்.

நான் ஓடினேன். ஆனால் யாரோ "ஊதிட்டாவ! எக்காளம் ஊதிட்டாவ!" என்று அலறினார்கள். "பியூலாவ எடுக்காவ! தொடாதீங்க!" என்று இன்னொரு குரல். அவளைச் சுற்றி மண்டியிட்டுக் கைகோத்து வளையம் போட்டுவிட்டார்கள். அழுதுகொண்டே, சிரித்துக்கொண்டே பாடினார்கள். நான் இழுத்தேன், அடித்தேன், ஒரு கிழவரின் கையைக் கடித்தேன். எலியேசர் அந்தப் பக்கத்திலிருந்து "விடுங்க, அது வலிப்பு, விடுங்க" என்று கத்தினார். அவரையும் பிடித்து நிறுத்தினார்கள். உள்ளே போய்ச் சேர்ந்தபோது பதினோரு நிமிஷம் ஆகியிருந்தது. ஸ்ப்ரே அடித்தேன். நிற்கவில்லை. 108 இருபது நிமிஷத்தில் வந்துவிட்டது, அவர்கள் மேல் குறை சொல்ல முடியாது.

வேனில் ஏற்றும்போது பின்னாலிருந்து கையசைத்து வழியனுப்பினார்கள்.

இங்கே டாக்டர் "மாத்திரையை ஏன் நிறுத்தினாங்க?" என்று கேட்டார். "தெரியல" என்றேன்.

அக்டோபர் 4, வெள்ளி

புதன் அதிகாலை போய்விட்டாள். நேற்று எங்கள் கோயில் கல்லறையில், அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தோம்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டேன்.

அக்டோபர் 7, திங்கள்

மாத்திரை கொடுக்கும் வாரம். ஜெபவீட்டார் ஒருவர்கூட வரவில்லை. மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார்கள் என்றாரே இசக்கியம்மாள்? அவர்கள் தலைநிமிர்ந்து திரிகிறார்கள். தேதி பலித்துவிட்டதாம். சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் ஒருத்தி எடுத்துக்கொள்ளப்பட்டாளாம். மற்றவர்களுக்கு ஆயத்தம் போதவில்லையாம். திசையன்விளைப் பக்கமிருந்து ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேன் நிறைய ஆள் வந்ததாம்.

சாயங்காலம் எலியேசர் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

"அவங்களை நிறுத்த என்னால ஆவாது அண்ணாச்சி. நான் என்ன சொன்னாலும் அது என் தாழ்மைங்காவ. நீங்க கூடப்பிறந்தவிய. அவ எதனால செத்தான்னு நீங்க வந்து சொன்னா கேப்பாவ. ஞானதீபம் அம்மாவோட காலை நீங்க பாக்கணும்."

"நான் சொன்னா, அவ ஏன் நிறுத்துனான்னும் சொல்லணும்லா?" என்றேன்.

"ஆமா" என்றார்.

டைரியில் இதை எழுதாமல் இருபது நாளுக்கு மேல் ஓட்டிவிட்டேன். எழுதிவிடுகிறேன். அந்த மனுஷன் அவர்களைப் பொய்யான தேதியோடும் மாத்திரையோடும் வைத்திருந்தான். நான் போய் மாத்திரையைப் பிடுங்கிவிட்டு, தேதியை மட்டும் விட்டுவிட்டு வந்தேன். இசக்கியம்மாள் தடுத்தார், பியூலா தலையசைத்தாள். எனக்கு ஜெயிக்க வேண்டியிருந்தது. என் தங்கச்சியைக் கொன்றது நான்.

அக்டோபர் 13, ஞாயிறு

போனேன்.

கொட்டகைக்குள் நூறு பேர், வெளியே மணலில் அதற்கு மேல். ஆர்மோனியத்தின் முன்னால் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சாட்சி நேரத்தில் எழுந்தேன். எதையும் தயார் செய்துகொண்டு போகவில்லை.

"பியூலாவ யாரும் எடுத்துக்கிடல. அவ வலிப்பு வந்து செத்துப் போனா. மாத்திரைய நிறுத்துனதால வந்த வலிப்பு. பாஸ்டர் நிறுத்தச் சொல்லல. நான் நோட்டோட வந்து அவர அசிங்கப்படுத்துனேன், அதனாலதான் நீங்க எல்லாரும் கொட்டுனீங்க. நான் வராம இருந்திருந்தா அவ இன்னைக்கு உயிரோட இருப்பா. நாளைக்கே வந்து மாத்திரை வாங்கிக்கிடுங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கேன்."

அழுதுவிட்டேன். நாற்பது வருஷமாக நாலு பேர் முன்னால் அழுததில்லை.

பிறகு ஞானதீபம் அக்கா எழுந்தார். ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்து வந்தார். துணி சுற்றியிருந்த காலின் நாற்றம் அவருக்கு முன்னால் வந்தது. என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அழாத தம்பி. அன்னைக்கு நீ வந்து சொல்லலன்னா நாங்க இன்னும் அரைகுறை விசுவாசத்துல மாத்திரைய முழுங்கிக்கிட்டுத்தான் கெடப்போம். பியூலாவும் இங்கதான் கெடந்திருப்பா. உன்னை அனுப்புனதே கர்த்தர்தான். நீ சொன்னதாலதான அவ போனா."

எலியேசர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் உள்ளே இருந்த நூறு பேரும் வெளியே மணலில் இருந்தவர்களும் ஒரே குரலில் அல்லேலூயா சொல்லி, என் சாட்சியை ஏற்றுக்கொண்டார்கள்.